பெட்டியைக் கொழுவிவிட்டால் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்கள் கோபிக்காமல் கடைசிவரை வாசியுங்கள்.

போன வாரம், பாடசாலை விடும் நேரம். கல்யாண வீட்டுத் தளபாடங்கள் ஏற்றிய ட்ரெயிலர் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த வேன் ஒன்று எங்கள் வாசலில் வேகத்தடையில் ஏறி இறங்கியது. வேன் போய்விட்டது. பெட்டி கழன்று, வீதியைக் குறுக்கே வெட்டி, எதிர்ப்பக்க மதிலில் மோதி நின்றது. ஒரு நிமிடத்துக்கு முன்னர்தான் அந்த மதிலடியில் தரம் 6 பிள்ளைகள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். கொக்கியில் பின்னுக்குப் பதிலாக ஒரு துண்டு கொங்கிரீட் கம்பி. சங்கிலி இல்லை. பின்விளக்கும் இல்லை. "அல்ஹம்துலில்லாஹ், ஒண்டும் நடக்கல்ல சேர்" என்ற தம்பி, அதே கம்பியைத் திரும்பச் செருகிக்கொண்டு புறப்பட்டார். நாங்களும் கைகொடுத்துத் தள்ளிவிட்டோம். அந்தத் தம்பியைவிட எங்கள் மீதுதான் இப்போது கோபம்.

நமக்கு வாகனம் என்றால் இன்ஜின் உள்ளது மட்டும்தான். அதற்கு இன்சூரன்ஸ், சேர்விஸ், கண்ணாடியில் மாஷா அல்லாஹ் ஸ்டிக்கர். பின்னால் வரும் பெட்டி அநாதை. வெல்டிங் கடையில் பழைய அச்சொன்றை ஒட்டி எடுத்த நாளிலிருந்து டயர் வெடிக்கும்வரை யாரும் அதைக் குனிந்து பார்ப்பதில்லை.

விஞ்ஞானப் பாடத்தில் சடத்துவம் படிப்பிக்கிறோமே, அது இதுதான். பிரேக் வேனுக்கு மட்டும். அதை அடித்தால் பெட்டியின் பாரம் முழுக்க வேனைப் பின்னாலிருந்து தள்ளும். நிற்கும் தூரம் கூடும். அலுமாரியைப் பின்னுக்கும் மெத்தையை முன்னுக்கும் ஏற்றினால் பெட்டி கொக்கியை மேலே தூக்கும், வேனின் பின்சில்லுகளுக்கு நிலப்பிடி குறையும், வேகம் கூடக் கூடப் பெட்டி வாலாட்டத் தொடங்கும். பாரமானவை அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மொத்தப் பாரத்தில் 10 வீதமளவு கொக்கியில் அழுத்த வேண்டும். பெட்டி ஆடினால் பயத்தில் பிரேக்கை மிதிக்கிறோம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதுதான் வழி. கொக்கி கழன்றாலும் பெட்டியை விடாமல் பிடிக்க, கீழே குறுக்காக இரண்டு சங்கிலி. அதன் விலை கல்யாணத்தில் ஒரு சஹன் சாப்பாட்டுக்கும் வராது.

இதைவிடப் பெரிய குற்றம், பெட்டியில் ஆட்களை ஏற்றுவது. 2024 நவம்பர் 26, வெள்ளம் பாய்ந்த மாவடிப்பள்ளி வீதி. உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய மத்ரஸாப் பிள்ளைகள். ஜனாஸாக்களில் அழுதோம், மறக்க மாட்டோம் என்று பதிவு போட்டோம். ஓடும் வெள்ளம் இரண்டடி இருந்தாலே கார், வேன்களை இழுத்துப் போகும். நீளப் பெட்டியோ பக்கவாட்டாக நின்று அந்தத் தள்ளல் முழுவதையும் வாங்கும். மழை விட்டது. அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை அதே மாதிரிப் பெட்டியில் மைதானத்துக்கு ஏற்றியது யார்? ஆசிரியர்களாகிய நாங்கள்தான். பஸ்ஸுக்குக் காசில்லை என்றோம். டீ-சேர்ட் அடிக்கக் காசு இருந்தது.

யாராவது வாய் திறந்தால் கத்ர் என்கிறோம். கத்ரை நம்புவது ஈமான். கம்பித் துண்டைச் செருகிவிட்டுக் கத்ரைச் சாட்டுவது சோம்பேறித்தனம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸுக்கு ஜும்ஆவில் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து கட்டாத பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறோம்.

அடுத்த மாதம் மீண்டும் விளையாட்டுப் போட்டி. கதிரையும் கூடாரமும் பெட்டியில் வரட்டும். பிள்ளைகள் பஸ்ஸில் வருவார்கள், இல்லாவிட்டால் ஆசிரியர்களோடு நடந்து வருவார்கள். பின்னும் சங்கிலியும் இல்லாத பெட்டிக்கு நாங்கள் கேட்டைத் திறக்கப் போவதில்லை. அபிவிருத்திக் குழுவில் யாருக்கும் ஆட்சேபனை இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.