சாரதிக்கும் தூக்கம் வரும்



உம்ராவுக்குப் போகிறவர் ஒருவர். வழியனுப்பப் போகிறவர்கள் பதினான்கு பேர். காத்தான்குடியிலிருந்து கட்டுநாயக்க வரை ஏறத்தாழ 300 கிலோமீற்றர். இஷாத் தொழுதுவிட்டு வேனில் ஏறுகிறோம். நாம் தூங்குவோம், சாரதி விழித்திருக்க வேண்டும். ஸலாம் சொல்லி முடிந்ததும் "ஹயர் காசு கூடிடும்" என்று உடனே வேனைத் திருப்பச் சொல்கிறோம். பகல் முழுக்க அவர் எங்கே ஓடினார் என்று கேட்பவர் நம்மில் யார்?

ஹபரணைப் பக்கம் இரவில் யானை குறுக்கிடும் பாதை அது. ஏதும் நடந்துவிட்டால் "கத்ர்" என்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்லப்பட்ட உம்மத் அல்லவா நாம்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் பஸ், லொறி சாரதிகள் நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும். அது சட்டம். நமக்கோ மார்க்கமே வழிகாட்டியிருக்கிறது. பயணிக்கு நான்கு ரக்அத்தை இரண்டாக்கித் தந்தது. அந்தச் சலுகையை மறக்காமல் எடுக்கும் நாம், சாரதிக்கு இரண்டு மணித்தியாலத் தூக்கம் கொடுப்பதில்லை!

வீட்டு வாசலில் துஆச் செய்து அனுப்பினால் போதும். போய்த்தான் ஆகவேண்டுமென்றால் இரண்டாவது சாரதியைக் கூட்டிச் செல்வோம். அல்லது நீர்கொழும்பில் அவருக்கு ஓர் அறை எடுப்போம். முன் ஆசனத்தில் இருப்பவர் தூங்கக் கூடாது.

பதினான்கு பேர் பகிர்ந்தால் ஒரு புரியாணிக் காசுதான் வரும். அதுவா நமக்கு வீண்செலவு?