ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த பிறகு

“பெண்ணை டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. கண்டம் தாண்டிடுச்சு. இனிமே அதைப் பத்தி யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.” பிளஸ் டூ படிக்கும் மகள் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்து வந்திருக்கிறாள், தாய் எழுதியிருக்கிறார்.

சகோதரி, கண்டம் இன்னும் தாண்டவில்லை. வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காலம். ஆஸ்பத்திரியில் உடம்பைத் தேற்றிவிட்டார்கள். மனசிலுள்ள துக்கம் அவளோடு வீட்டுக்கு வந்திருக்கிறது.

டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். மனநல ஓ.பி.க்கு என்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்? ஒரு வாரத்துக்குள் தேதி இல்லாவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். அன்றைக்குக் காதுகுத்து, கல்யாணம் எது வந்தாலும் சரி, தள்ளிப் போடாதீர்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயமும் வேண்டாம். 2017-ம் வருட மனநலச் சட்டம், இப்படி முயன்றவர் கடுமையான மன உளைச்சலில் இருந்தார் என்றே கருதுகிறது.

வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளும் (பாட்டியின் பிரஷர் மாத்திரையும்தான்!) பூட்டுக்குள் இருக்கட்டும். வேளாவேளைக்கு நீங்களே எடுத்துக் கொடுங்கள். பூச்சிமருந்து வீட்டிலேயே வேண்டாம். அவள் கோபித்துக்கொண்டால், “கொஞ்ச நாளைக்குத்தான் கண்ணு, எனக்குப் பயமா இருக்கு” என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

“மறுபடி அந்த நினைப்பு வருதாம்மா?” என்று கேட்டால் நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகுமோ என்று தயங்குகிறோம். ஆகாது. கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டும். நமக்கு அதுதான் கஷ்டம். “உனக்கு என்ன குறை வச்சோம்?” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். “ஆமாம்” என்றாளானால் தனியே விடாமல் உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். என்ன செய்வதென்று தெரியாத ராத்திரிகளில் 14416-க்குப் போன் செய்யலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ அது. தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில், நம் சென்னையிலும், ஒன்று செய்து பார்த்தது. வீடு திரும்பும் வேளையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் 9 தடவை, போனிலோ நேரிலோ, “எப்படி இருக்கே?” என்று விசாரித்தார்கள். 2008-ல் முடிவு வெளியானது: அப்படி விசாரிக்கப்பட்டவர்களிடையே தற்கொலைச் சாவு வெகுவாகக் குறைந்திருந்தது.

உங்கள் வீட்டில் விசாரிக்க யார் இருக்கிறார்கள்? அவளுக்குப் பிடித்த சித்தியோ, ஒரு டீச்சரோ? அவளையே கேட்டு, இரண்டு பெயரையும் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஓ.பி. தேதி என்றைக்கு என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.