எழுச்சிப் பருவமும் எதிர்வுகூறுவோரும்

அவுஸ்திரேலியாவில் தேசிய றக்பி லீக்கின் ஆட்டப் பருவம் மார்ச் மாதமளவில் தொடங்குகின்றது. அதற்குச் சில வாரங்கள் முன்னரே செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் வேறொரு பருவம் தொடங்கிவிடும். இவ்வாண்டு எந்த இளம் முன்கள வீரன் திடீரென உயர்ந்து பெயர் பெறப் போகின்றான் என்று எதிர்வுகூறும் பருவம் அது. இருபது வயதும் நிரம்பாத இளைஞர்களின் பெயர்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. அவர்களது நிறை, உயரம், ஓடிய தூரம் யாவும் அட்டவணையாகின்றன. 'எழுச்சிப் பருவம்' என்ற சொற்றொடர் அவர்தம் தலைமீது ஏற்றப்படுகின்றது. அப்பருவம் வாய்க்காதபோது அது கூறியவரின் தவறாகக் கொள்ளப்படுவதில்லை. இளைஞனின் தோல்வியாகவே பதிவாகின்றது. இந்த அநீதியே இங்கு ஆராயப்பட வேண்டியது.

றக்பி லீக்கில் ஓர் அணிக்குப் பதின்மூவர். அவருள் அறுவர் முன்கள வீரர். பந்தை ஏந்தி எதிரணியின் தடுப்புச் சுவரை மோதுவதும், மோத வருவோரை மறித்து வீழ்த்துவதும் அவர்தம் தொழில். தொழில் என்ற சொல் இங்கு உருவகமன்று. 1895இல் வட இங்கிலாந்தின் கழகங்கள் ஹடர்ஸ்பீல்ட் நகரிற் கூடி, பதினைவர் ஆடும் றக்பியின் தலைமைப்பீடத்திலிருந்து பிரிந்தமைக்குக் காரணம், ஆட்டத்திற்காக வேலையை இழக்கும் தொழிலாளிக்கு அவ்விழப்பை ஈடு செய்தல் வேண்டும் என்ற கோரிக்கையேயாகும். 1908இல் சிட்னியில் வேரூன்றிய இவ்வாட்டம், பிறப்பிலேயே கூலிப் பிரச்சினையைத் தன்னுட் கொண்டது. இதனை மறந்து எழுச்சியைப் பற்றிப் பேசுவோர் ஆட்டத்தின் பாதியையே பேசுகின்றனர்.

எதிர்வுகூறுவோர் இரு வகையினர். ஒரு சாரார் கண்ணை நம்புவோர். 'இவனிடம் ஏதோ இருக்கின்றது' என்பதற்கு மேல் அவர்களிடம் விளக்கம் கிடையாது. மறு சாரார் புள்ளிவிபரத்தை நம்புவோர். ஒரு நிமிடத்திற்கு எத்தனை மீற்றர், எத்தனை மறிப்பு எனக் கணக்கிட்டு, அதனை நீட்டிப் பார்த்து எதிர்காலம் உரைப்பவர். தம்முள் பகைமை பாராட்டும் இவ்விரு சாராரும் ஒரே பிழையையே செய்கின்றனர். எழுச்சி என்பது இளைஞனின் உடலுக்குள் மறைந்து கிடக்கும் ஒரு பொருள் என்று இருவருமே கருதுகின்றனர்.

உண்மையில் எழுச்சிக்கு முதல் மூலப்பொருள் நிமிடங்களே. எண்பது நிமிட ஆட்டத்தில் ஓர் இளம் முன்கள வீரன் பெரும்பாலும் மாற்று வீரனாகவே களம் புகுகின்றான். அவ்வேளை எதிரணியின் முன்வரிசை களைத்திருக்கும். அவனோ புதிய மூச்சுடன் வருகின்றான். இருபது நிமிடங்களில் 60 மீற்றர் முன்னேறியவன் அறுபது நிமிடங்களில் 180 மீற்றர் முன்னேறுவான் என்பது வாய்ப்பாட்டிற்குச் சரி, நுரையீரலுக்குச் சரியன்று. அந்த அறுபது நிமிடங்களை அவனுக்கு வழங்குபவர் யார்? பயிற்றுநர். எப்பொழுது? மூத்த வீரரொருவர் காயமுறும்போது, அல்லது ஒப்பந்தம் முடிந்து வேறு கழகத்திற்குப் பெயரும்போது. எனவே எழுச்சியை எதிர்வுகூறுபவர் தம்மை அறியாமலே மற்றொருவரின் முழங்காலையும் மற்றொருவரின் ஒப்பந்தத்தையும் எதிர்வுகூற வேண்டியவராகின்றார்.

இரண்டாவது மூலப்பொருள் விதி. 1991இல் வரம்பற்ற வீரர் மாற்றம் அனுமதிக்கப்பட்டது. குறுகிய நேரம் முழு வலுவோடு மோதிவிட்டு ஓய்வெடுக்கும் பேருடல் வீரருக்கு அது பொற்காலமாயிற்று. 2001இல் மாற்றங்கள் 12 ஆகவும், 2008இல் 10 ஆகவும், 2016இல் 8 ஆகவும் குறைக்கப்பட்டன. 2020இல், வீழ்ந்த வீரனைச் சுற்றி ஆட்டத்தைத் தாமதிக்கும் அணிக்கெதிராகத் தண்டனை உதைக்குப் பதில் ஆறு வாய்ப்புகளை மீளத் தொடங்கும் விதி வந்தது. ஆட்டம் இடையறாது ஓடலாயிற்று. ஒரு தசாப்தத்தில் தேடி எடுக்கப்பட்ட உடல் மறு தசாப்தத்தில் சுமையாயிற்று. உடல் மாறவில்லை, உடலுக்கான தேவை மாறிற்று. திறமை என்று போற்றப்படுவதிற் பெரும் பகுதி விதியின் நிழலே என்பது இதனாற் புலப்படும்.

வரலாறு தரும் சான்றுகளும் எதிர்வுகூறுவோருக்குத் துணை நிற்பனவல்ல. பெய்ன் ஹாஸ் 2018இல் பிரிஸ்பேன் கழகத்திற்காக முதன்முதல் ஆடி, மறு ஆண்டே, பத்தொன்பது வயதில், ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றார். ஜேசன் டௌமலோலோ 2010இல் பதினேழு வயதில் வட குயீன்ஸ்லாந்துக் கழகத்தில் அறிமுகமானார்; டலி எம் பதக்கத்தைப் பகிர்ந்து பெற்றதோ 2016இல். ஒருவருக்கு ஓராண்டு, மற்றவருக்கு ஆறாண்டு. இருவரும் பேராற்றல் வாய்ந்த முன்கள வீரரே. முன்வரிசை வீரர் பலர் இருபதுகளின் நடுப்பகுதியிலேயே முதிர்ச்சி அடைகின்றனர் என்பது அவ்வாட்டத்தை அறிந்தோர் அறிந்த செய்தி. ஆயினும் பட்டியல்கள் இருபது வயதிற்குள் விளைச்சலைக் கேட்கின்றன.

இருபது வயதிற்குட்பட்டோருக்கான தேசியப் போட்டி 2008 முதல் 2017 வரை நடைபெற்றது. அத்தகைய போட்டிகளில் முன்னதாக உடல் முற்றியவன் தன்னிலும் மெலிந்தோரை இலகுவாகத் தள்ளிச் செல்கின்றான். அதனைத் திறமையென எழுதி வைப்பவர், வளர்ந்த மனிதர்களை அவன் எதிர்கொள்ளும் நாளில் அவ்வனுகூலம் கரைந்துவிடும் என்பதை எழுதுவதில்லை. இவ்வாறு மதிப்பிடப்படும் உடல்களிற் பல சமோவா, டொங்கா, பீஜி, மவோரி வழிவந்த தொழிலாளர் குடும்பங்களுக்குரியவை. அக்குடும்பங்கள் பலவற்றில் மகனின் ஒப்பந்தம் வீட்டின் பொருளாதாரமுமாகும். 'இவ்வாண்டு இவன்' என்ற ஒரு வரி அங்கு பொழுதுபோக்குச் செய்தியாகச் சென்று சேர்வதில்லை.

இனி, இவ்வெதிர்வுகூறல் யாருக்குப் பயன்படுகின்றது என்ற வினாவுக்கு வருதல் தகும். 1990இல் கழகங்களின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அவ்வரம்பினுள், பெறும் சம்பளத்திலும் மிகுதியாக உழைக்கும் இளைஞனே கழகத்தின் இலாபம். 'எழுச்சி' என்ற சொல்லின் பொருளியல் மொழிபெயர்ப்பு இதுவே: விலை உயருமுன் வாங்கப்பட்ட உழைப்பு. செய்தித்தாள்கள் நடத்தும் கற்பனை அணிப் போட்டிகளில் இளைஞனுக்கு விலை குறித்து, 'மலிவாக வாங்குக' என்று வாசகருக்கு அறிவுரை கூறுவது இத்தர்க்கத்தின் வெளிப்படையான வடிவமாகும். பந்தயத் தொழிலும் இதே ஊற்றிலேயே நீர் அருந்துகின்றது.

ஆட்டக்காரர் இதனை எதிர்க்காமல் இருந்ததில்லை. பல்மெயின் கழகத்தின் முன்கள வீரரான டெனிஸ் டட்டி, ஒப்பந்தம் முடிந்த பின்னரும் தம்மைப் பிணைத்து வைத்த முறைக்கெதிராக 1969ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் ஆடாதிருந்தார்; அவ்வாண்டு அவரது கழகமே வாகை சூடிற்று. 1971இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்று அம்முறை தொழிற் சுதந்திரத்தை நியாயமற்று மட்டுப்படுத்துவதெனத் தீர்ப்பளித்தது. பின்னர் வீரர்களைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிவு செய்யும் திட்டம் கொணரப்பட்டபோது, 1991இல் சமஷ்டி நீதிமன்றின் முழு ஆயம் அதனையும் நிராகரித்தது. தம் உழைப்பை எங்கு வழங்குவது எனத் தாமே தீர்மானிக்கும் உரிமை இவ்வாறு போராடிப் பெறப்பட்டது. அவ்வுரிமையை வென்றோரின் வழித்தோன்றல்களை மீண்டும் விலைப்பட்டியலாக நோக்குவது பின்னோக்கிய நடையன்றி வேறென்ன?

கழகம் திட்டமிட வேண்டாமா, திட்டமிடல் எதிர்வுகூறலின்றி இயலுமா எனச் சிலர் வினவக்கூடும். இயலாது, உண்மை. வயது, முன்னைய காயங்கள், பயிற்சியிற் கண்ட முன்னேற்றம் ஆகியவற்றைக் கொண்டு ஓரளவு முன்னறிதல் சாத்தியமே. ஆனால் கழகத்தின் திட்டமிடல் தவறினால் அதன் விலையைக் கழகம் செலுத்துகின்றது. பகிரங்க ஆரூடம் தவறினால் அதன் விலையைச் செலுத்துபவன் இளைஞன் ஒருவனே. சென்ற ஆண்டு கூறியவற்றுள் எத்தனை பொய்த்தன என்று பட்டியலிட்ட பின்னரே இவ்வாண்டுப் பட்டியலை வெளியிடுவது என்ற குறைந்தபட்ச நேர்மையேனும் கடைப்பிடிக்கப்படுமாயின், அரைவாசி ஆரூடங்கள் அச்சேறா.

2014 மார்ச்சில் நியூகாசில் கழகத்தின் இளம் முன்கள வீரர் அலெக்ஸ் மக்கின்னன், மெல்பேர்ண் அணியுடனான ஆட்டத்தில் மூவரால் மறித்து வீழ்த்தப்பட்டபோது கழுத்தெலும்பு முறிந்தார். அவருக்கு வயது 22. அவர் மீண்டும் ஆடவில்லை. எந்த அட்டவணையிலும் இதற்கென ஒரு நிரல் கிடையாது. மனித உடலைப் பணயம் வைத்து நிகழும் ஓர் உழைப்பைப் பற்றி எழுதுவோர் இந்த வெற்று நிரலை நினைவிற் கொள்ளல் வேண்டும். யார் எழுவான் என்ற வினாவினிடத்தில், எழுவதற்கான நிமிடங்களை யார் பங்கிடுகின்றனர், விதியை யார் மாற்றுகின்றனர், எழாதவனுக்கு யார் பொறுப்பு என்ற வினாக்கள் வைக்கப்படும்வரை, இந்த ஆரூடம் அறிவின் ஆடை போர்த்த வியாபாரமாகவே நிலைக்கும்.