சனியும் ஜீனும்

எங்கள் பொழிச்சலூரில் போன மாதம் ஒரு கல்யாணப் பேச்சு முறிந்தது. பெண் பார்த்தாயிற்று, பிள்ளைக்குப் பிடித்தும் விட்டது. பெண்ணின் அண்ணனுக்கு மனச்சிதைவு, டாக்டர்கள் பாஷையில் ஸ்கிஸோஃப்ரீனியா, என்று பெண்ணின் தகப்பனாரே வலியப் போய்ச் சொன்னார். மூடி மறைத்து முகூர்த்தத்தை முடித்துவிடுகிற உலகத்தில் இப்படியும் ஒரு மனிதர்! அந்த யோக்கியதைக்குக் கிடைத்த பரிசு, மறுநாளே 'வேண்டாம்' என்ற தகவல்.

பிள்ளையின் தகப்பனார் எனக்குத் தெரிந்தவர். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்டேன்.

"ஜாதகம் கீதகமெல்லாம் நான் பார்ப்பதில்லை, ஸார். ஆனால் இதை விஞ்ஞானமே சொல்கிறதே! மூளையில் ஜீன் கெட்டுப்போயிருக்கிறதாம். ரத்தத்தில் இருப்பதை நாம் என்ன செய்ய முடியும்?" என்றார்.

நான் காலேஜ் படிப்பைப் பாதியில் விட்டவன். இருந்தாலும் அவர் அரைகுறையாகப் படித்ததை முழுக்கத் தேடிப் படித்தேன். ஆகவே சொல்கிறேன்: விஞ்ஞானம் அப்படிச் சொல்லவே இல்லை.

கல்லீரலில் இருக்கும் ஜீன்கள்தாம் மூளையிலும் இருக்கின்றன. எது எங்கே எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். அந்த வேலையைத்தான் மூளையில் தேடுகிறார்கள். உயிரோடிருப்பவன் மண்டையைத் திறந்து தேட முடியுமா? இறந்தவர்களின் குடும்பத்தார் மனமுவந்து கொடுத்த மூளைகளில் தேடுகிறார்கள். 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நோயுற்றிருந்த 258 பேரின் மூளையை நோயில்லாத 279 பேரின் மூளையோடு ஒப்பிட்டார்கள். அறுநூற்றுச் சொச்சம் ஜீன்களின் வேலையில் வித்தியாசம் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் அது மிகச் சொற்பம். போதாக்குறைக்கு, இந்த நோயாளிகள் பெரும்பாலும் வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர்கள். நோய் செய்தது எது, மாத்திரை செய்தது எது என்று பிரிக்க ஆராய்ச்சியாளர்களே திணறுகிறார்கள். நம் பெரியவர் திணறவில்லை!

நம் சென்னைக்கே வருவோம். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து நம் நாட்டு நோயாளிகளிடம் தேடியது. 2019-ல் முடிவு வெளியாயிற்று. நியாசின் என்ற வைட்டமினை உடம்பு பயன்படுத்திக்கொள்ள உதவும் ஒரு ஜீன். ஒரு சின்ன எழுத்து மாற்றம் உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து வளர்த்த உயிரணுக்களில் அது மந்தமாக வேலை செய்தது. அந்த மாற்றத்தால் நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது? கால் பங்கு சொச்சம். நூற்றுக்கு ஒருவருக்கு வரும் நோய், நூற்றுக்கு ஒன்றேகால் பேருக்கு வரும். நோய் எட்டியே பார்க்காத லக்ஷக்கணக்கானவர்களிடமும் அதே எழுத்து இருக்கிறது. என்னிடம் இருக்கலாம். பெரியவரிடமும் இருக்கலாம். உலகளாவிய ஆராய்ச்சியொன்று 2022-ல் இப்படிப்பட்ட இடங்கள் 287 என்று கணக்குக் கொடுத்தது. எந்தக் குலம் தப்பும்?

குடும்பத்தில் தொடரக்கூடிய நோய்தான், நான் மறுக்கவில்லை. அண்ணனுக்கு வந்தால் தங்கைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது பத்து என்பது பழைய கணக்கு. அதாவது தொண்ணூறு தங்கைகளுக்கு வராது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிலேயே, ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலிருப்பது ஏறக்குறையப் பாதிக்குப் பாதி.

இன்னொரு கதை கேளுங்கள். 1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல டாக்டர், இந்த நோய்க்குத் தாயின் சுபாவம் ஒரு காரணம் என்று எழுதிவைத்தார். அந்தப் பேச்சை நம்பி எத்தனை தாய்மார்கள், பிள்ளையைத் தாங்களே பைத்தியமாக்கிவிட்டதாக நினைத்து அழுதிருப்பார்கள்! அவர்கள் தலையிலிருந்து அந்தப் பழியை இறக்க உதவியது இந்த ஜீன் ஆராய்ச்சிதான். தாயை விடுதலை செய்த சாட்சியத்தைக் கொண்டே தங்கைக்குத் தண்டனை கொடுக்கிறார் நம்மவர்!

எங்கள் ஊர் அகஸ்தீஸ்வரர் கோயிலை வடதிருநள்ளாறு என்பார்கள். சனிக்கிழமை கூட்டத்தில் நிற்க இடம் இராது. அந்தச் சனியாவது ஏழரை வருஷத்தில் விலகுகிறான். பெரியவர் கண்டுபிடித்த ஜீனுக்கு அந்தத் தாட்சண்யமும் கிடையாது.

போன சனிக்கிழமை அவரை அங்கே பார்த்தேன். பிள்ளைக்கு வயது முப்பத்துநாலு ஆகிறதாம், கல்யாணம் தட்டிக்கொண்டே போகிறதாம். எள் தீபம் ஏற்றிக்கொண்டிருந்தார்.