அச்சில் படியும் கசடு

தாராவியின் சிறு பட்டறைகளில் பழைய அலுமினியம் 660 பாகை செல்சியசுக்கு மேல் உருக்கப்பட்டு, இரும்பு அச்சுகளில் கட்டிகளாக வார்க்கப்படுகிறது. வார்ப்புக்கு வார்ப்பு ஆக்சைடுக் கசடு அச்சில் படிகிறது. அதனை அகற்றாவிடில் அடுத்த கட்டி எளிதில் கழலாது. நீரூற்றிக் கழுவுவதும் ஆபத்து: துளி ஈரம் எஞ்சினாலும், உருகிய உலோகம் பட்டவுடன் நீராவியாகி வெடித்துச் சிதறும். ஆகவே உளியாலும் கம்பித் தூரிகையாலும் உலர்நிலையிலேயே சுரண்ட வேண்டும். தூசி நுரையீரலுக்குள் செல்கிறது. மிகையாகச் சுரண்டினால் அச்சு வடுப்படும்; அவ்வடுவிலேயே அடுத்த வார்ப்பு பற்றிக்கொள்ளும். அளவறிந்து நிறுத்துவதே தொழில்நுட்பம். ஆயினும் இது எடுபிடி வேலையாகவே மதிக்கப்படுகிறது.

மறுசீரமைப்புத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு தருவதாகச் சொல்கிறது. அடுக்குமாடியில் உலை மூட்ட இயலாது. புகைபோக்கியும் முகக்கவசமும் கொண்ட வார்ப்புக்கூடங்களைத் தாராவிக்குள்ளேயே ஒதுக்குவது அத்திட்டத்தின் கடமை.