இரக்கம் என்ற பெயரில் ஓர் இடமாற்றம்

எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வரும் மருந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தாலே வீட்டு நிலவரம் பாதி தெரிந்துவிடும். லேபிளைச் சுரண்டியிருந்தால், அக்கம்பக்கத்தாருக்குப் பயந்து வாழ்கிறார்கள் என்று பொருள். அன்று ஒரு பாட்டி கொண்டுவந்த டப்பாவிலும் பசையின் பிசுபிசுப்புதான் மிஞ்சியிருந்தது. நெஞ்சுச் சளிக்கு மருந்து என்று பத்து வயதுப் பேரனிடம் சொல்லிவைத்திருந்தார். சிஸ்டர் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். ஒன்பது மாத்திரை மிச்சம். பாட்டியிடம் அதைப் பற்றிப் பேசாமல் பையனைப் பார்த்து, "ராத்திரி தூக்கம் வந்துடுதா தம்பி?" என்றார். தலையாட்டினான். "எனக்கும் அப்படித்தான். தினம் ஒன்பது மணிக்கு ஒரு மாத்திரை போடணும். அதான் அலாரம் வச்சிருக்கேன்." "உங்களுக்குச் சுகரா சிஸ்டர்?" என்று கேட்டான் பையன். அவர் சிரித்துக்கொண்டே பாட்டியின் போனை வாங்கி அதிலும் அலாரம் வைத்துக் கொடுத்தார்.

அவர் போடுவதும் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துதான்.

இந்தக் காட்சியோடு நிறுத்திக்கொண்டால் பாராட்டுரை எழுதிவிடலாம். அவர் இந்த மையத்துக்கு வந்த கதை வேறு. பதினோரு வருடம் லேபர் வார்டில் இருந்தவர். அவருடைய பரிசோதனை முடிவு லேபிலிருந்து கசிந்தது. ஒரே வாரத்தில் டூட்டி மாறியது. "அங்கே போனா உனக்கும் நிம்மதிம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். எழுத்தில் காரணம் கிடையாது. இதை இரக்கம் என்று நம்பியவர்கள் நம் சகாக்கள்தான். வெளியேற்றுவது மட்டுமே ஒதுக்குதல் என்றில்லை, 'உன் ஆட்களோடு இரு' என்பதும் ஒதுக்குதலே.

மருத்துவக் காரணமாவது இருந்ததா? சிகிச்சையில் இல்லாத நோயாளியைக் குத்திய ஊசி நம்மைக் குத்தினால்கூட எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், ஹெபடைடிஸ் பி-யில் அது 30 சதவீதம் வரை போகும். ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிய செவிலியர் ஊசி போடுவதாலும் டிரிப் ஏற்றுவதாலும் பச்சைக் குழந்தையைத் தூக்குவதாலும் யாருக்கும் ஆபத்தில்லை. நம் செவிலியர் பாடத்தில் இருப்பதுதான் இது. 1986-இல் சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தபோது நிலவிய பயத்தை இன்னும் தூக்கிக்கொண்டு திரிவதற்கு நமக்குச் சாக்கில்லை.

இந்த இடமாற்றத்தின் விலையைக் கொடுப்பவர்கள் மற்ற செவிலியர்கள். ஊசி குத்திக்கொண்ட இளம் ஸ்டாஃப் நர்ஸ் இரண்டு மணி நேரத்துக்குள், தவறினால் 72 மணி நேரத்துக்குள்ளாவது தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். சிஸ்டருக்கு நேர்ந்ததைப் பார்த்தவர் போய்ச் சொல்வாரா? கையைக் கழுவிவிட்டு வாயை மூடிக்கொள்வார்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் வேலையில் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதையும் தடுக்கிறது. அந்த லேபில் நடந்தது சட்டமீறல். வம்புப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது.

இன்னொரு தொந்தரவும் உண்டு. உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் ஒவ்வொரு வருடமும் சிஸ்டரை மேடையேறிப் பேசச் சொல்கிறார்கள். அவர் மறுக்கிறார். சரிதான். நோயைப் பற்றிப் பேச அவரவருக்கு நேரம் வேண்டும். குழந்தைக்கு அதன் நோயை ஆறு வயது தொடங்கிப் பன்னிரண்டுக்குள், புரிகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டியைத் தயார்செய்ய மூன்று முறை வரச்சொல்லிக் காத்திருக்கிற பொறுமை நமக்கு இருக்கிறது. சக செவிலியர் விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போகிறது?

இந்த உரையை நான் எழுதச் சம்மதித்த சிஸ்டர், "இப்போ லேபர் வார்டுக்கே திரும்பக் கூப்பிட்டாலும் போக மாட்டேன், இந்தப் பிள்ளைங்களை விட்டுட்டு" என்றார். அது அவர் மனசு. அதைக் காட்டி அந்த உத்தரவை நியாயப்படுத்தக் கூடாது.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனைகள் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி ஒரு புகார் அலுவலரை நியமித்தாக வேண்டும். உங்கள் மருத்துவமனையில் அவர் யார் என்று நாளை டூட்டிக்குப் போனதும் கேளுங்கள். யாருக்கும் தெரியவில்லையென்றால், கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.