எலி எழுதும் கடிதம்



லயத்துக் காம்பராவில் விளக்கை அணைத்ததும் கூரைத் தகரத்தின் கீழ் எலிகளின் ஓட்டம் தொடங்கிவிடும். அரிசிச் சாக்கைக் கடிக்கும், பிள்ளையின் கொப்பியையும் கடிக்கும். நாம் ஏசுவோம், பொறி வைப்போம். அவை தமக்குள் என்ன பேசுகின்றன என்று யோசிப்பதில்லை. அதையே தம் வேலையாக்கிக் கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜி. அர்ச்சுனன் அவர்களில் ஒருவர். ஆரம்பத்தில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி. ஜே. டொமினிக்கோடு சேர்ந்து ஆராய்ந்தவர். கருவுற்ற சுண்டெலியின் அருகே புதிய ஆண் எலியை விட்டால் கரு தங்காமல் போகிறது என்பதை லண்டனில் ஹில்டா புரூஸ் என்ற பெண் விஞ்ஞானி 1959இல் கண்டறிந்தார். அதற்கு ஆண் எலி நேரில் வரவேண்டியதில்லை, அதன் சிறுநீரின் மணமே போதும் என்பதை டொமினிக் 1960களில் ஆராய்ந்து எழுதினார். இது சுண்டெலிக்கு உரிய விடயம். இடப்பெயர்வில் கருவை இழந்த சகோதரிகள் இதைத் தங்களோடு பொருத்திப் பார்த்து மனம் நோக வேண்டாம்.

அர்ச்சுனனும் அவரது மாணவர்களும் அந்த மணத்தில் என்னென்ன இரசாயனங்கள் உள்ளன என்று பிரித்துப் பார்த்தார்கள். எலியின் சிறுநீரிலும் அதன் மணச் சுரப்பிகளிலும் உள்ள பொருட்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார்கள். மணம் காற்றில் சீக்கிரம் பறந்துவிடும். ஆனால் ஒருவகைப் புரதம் அதைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுகிறது. அதனால் எலி போன பிறகும் அதன் செய்தி அங்கேயே இருக்கிறது. ஆணா பெண்ணா, இணை தேடுகிறதா, இது யாருடைய எல்லை என்பதையெல்லாம் அடுத்து வரும் எலி முகர்ந்து அறிகிறது. இந்த மணத்தைக் கொண்டே வயல் எலிகளைப் பொறிக்கு இழுக்கலாமா என்பதும் அவர்களது ஆராய்ச்சியில் ஒரு பகுதி.

இனி நம்முடைய விடயத்துக்கு வருவோம். எலி கடிதம் எழுதும் அதே சிறுநீரில்தான் எலிக்காய்ச்சல் கிருமியும் வருகிறது. எலிக்கு நோய் தெரியாது. ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் கிருமி வாரக்கணக்கில் உயிரோடிருந்து, காலிலுள்ள சிறு வெடிப்பு வழியே நம் உடலுக்குள் போய்விடும். 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு இந்தக் காய்ச்சல் வந்ததாகப் பதிவாகியது. மழையும் வயலும் மாணிக்கக் குழியும் நிறைந்த இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இது வருடாவருடம் வருகிறது.

எட்டியாந்தோட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, வன்னியில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டு லயத்துக்குத் திரும்பியவர். இறப்பர் பால் வெட்டுகிறார். காய்ச்சலோடு நான்கு நாள் மலைக்குப் போயிருக்கிறார். “கெண்டைக்கால் இழுத்துச்சு மிஸ். ஏறி எறங்குன நோவுன்னு நெனச்சேன். பேரு போச்சுன்னா யாரு குடுப்பா?” என்றார். கண் சிவந்திருந்ததைப் பக்கத்துக் காம்பரா அக்கா கவனித்து, கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதால் பிழைத்தார்.

சமூகவியல் படித்த எனக்கு இதில் தெரிவது கிருமி மட்டுமல்ல. ஒரே ஒருவரின் உழைப்பில் ஓடும் குடும்பத்தில் காய்ச்சலுக்குக்கூட லீவு கிடையாது. ஆனால் ஒரு நாள் பேருக்குப் பயந்தால் ஒரு மாதப் பேரே போய்விடும்.

ஆகவே சகோதரிகளே, காலில் புண் இருந்தால் மூடிக்கட்டி, முடிந்தவரை சப்பாத்துப் போட்டு வேலைக்குப் போங்கள். அரிசியை மூடியுள்ள தகரத்தில் வையுங்கள். எலி நடமாடிய இடத்தைக் காய்ந்தபடி கூட்டாமல், குளோரின் கலந்த தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். கான் அடைத்திருந்தால் லயத்தார் சேர்ந்து துப்புரவு செய்யுங்கள். வயலிலோ குழியிலோ இறங்குபவர்கள் முன்கூட்டியே குடிக்கும் மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள் வைத்தியரிடம் சொல்லாமல் அதைக் குடிக்கக் கூடாது.

காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு இருந்தால் பெனடோலோடு நிற்காதீர்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். பக்கத்துக் காம்பராவில் யாராவது சுருண்டு படுத்திருந்தால் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.